கவுண்டருக்கு உள்ளே நிற்கப்போகிறவர்களுக்கு

பயிற்சி ஆண்டை முடித்துக்கொண்டு ஜொகூரின் கெலாங் பாத்தா பக்கம் மருந்துக் கவுண்டரில் நிற்க வரும் தம்பி தங்கைகளுக்கு எழுதுகிறேன். மருந்தியலில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். நான் படித்த காலத்தில் பெயர்கூடக் கேள்விப்படாத மாத்திரைகள் இன்று உங்கள் அலமாரியில் அடுக்கியிருக்கின்றன. ஆகவே எந்த மருந்து எதற்கு என்று சொல்ல வரவில்லை. அந்த மருந்து உங்கள் கையைவிட்டு ஒரு வீட்டுக்குள் போன பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். அதை மட்டும் சொல்கிறேன். எண் போட்டிருப்பது தேடி எடுக்க வசதியாக. முதலில் இருப்பது முக்கியம், கடைசியில் இருப்பது சாதாரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. மருந்தைப் பற்றிப் பேசுமுன் நேரத்தைப் பற்றிக் கேளுங்கள்.

லேபலில் காலை, இரவு என்று அச்சடித்துக் கொடுத்துவிடுகிறோம். இந்த ஊரில் யாருக்கு எது காலை? 1998இல் துவாஸுக்கு இரண்டாவது பாலம் திறந்ததிலிருந்து, விடிவதற்கு வெகுநேரம் முன்பே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குக் கிளம்பும் ஊர் இது. பக்கத்திலேயே தஞ்சோங் பெலபாஸ் துறைமுகம் இரவு பகல் பார்க்காமல் ஓடுகிறது. இரவு வேலை பார்த்துவிட்டுப் பகல் பத்து மணிக்குப் படுக்கிறவரிடம் "காலையில் ஒன்று, இரவில் ஒன்று" என்றால் அவர் தனக்குத் தோன்றியபடி போட்டுக்கொள்வார், அல்லது ஒன்றை விட்டுவிடுவார். "எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீங்க, முதல் சாப்பாடு எப்போ, எங்கே?" இந்த மூன்றையும் கேட்டுவிட்டு மாத்திரையை அந்தச் சாப்பாட்டோடு சேர்த்துக் கட்டுங்கள்.

நீர் பிரியச் செய்யும் மாத்திரையைப் பலர் ரகசியமாக நிறுத்தியிருப்பார்கள். காரணம் மிகச் சாதாரணம்: பாலத்து நெரிசலில் பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டால் கழிவறைக்கு எங்கே போவது? அவரை "ஒழுங்கில்லாத நோயாளி" என்று அட்டையில் எழுதாதீர்கள். வீடு திரும்பிய பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொடுங்கள்.

சளிக்குக் கொடுக்கும் பிரிட்டோன், அதாவது குளோர்ஃபெனிரமின், தூக்கம் வரவழைக்கும். மோட்டாரில் போகிறவரா என்று கேட்காமல் அதை நீட்டாதீர்கள். இரவு போட்ட மாத்திரையின் மந்தம் விடியற்காலை பாலத்தின்மேலும் இருக்கும். தூக்கம் குறைவாக வரும் லோராட்டடின் போன்றவை இருக்கின்றன.

2. "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள்.

எல்லோரும் தலையாட்டுவார்கள். வெள்ளைக்கோட்டுக்கு மரியாதை, பின்னால் வரிசை, வெளியே காரில் காத்திருக்கும் மகன், எல்லாமாகச் சேர்ந்து தலையை ஆட்டவைக்கும். "வீட்டுக்குப் போனதும் இதை எப்படிச் சாப்பிடுவீங்கன்னு எனக்கு ஒரு தடவை சொல்லுங்க. நான் சரியாச் சொன்னேனான்னு பார்த்துக்கிறேன்" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் அது உங்கள் விளக்கத்தின் குறை என்ற தொனி அந்தக் கேள்வியில் இருக்க வேண்டும். பெரியவர்களைப் பரீட்சை வைக்கிற மாதிரி கேட்டால் அடுத்த முறை வேறு யாரையாவது மருந்து எடுக்க அனுப்பிவிடுவார்கள்.

3. பையைக் கொட்டச் சொல்லுங்கள்.

நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். "அடுத்த தடவை வரும்போது வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும், நீங்கள் சாப்பிடாததையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாங்க." சாப்பிடாததையும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

மேசையில் கொட்டியதும் தெரியும். ஒரே அம்லோடிபின், வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று. அரசாங்க டெண்டர் வேறு கம்பெனிக்குப் போனதும் மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறியிருக்கும். நமக்கு அது ஒரே மருந்து. பாட்டிக்கு அது புது மருந்து. பழையதும் மிச்சம் இருப்பதால் இரண்டையும் போடுகிறார். கால் வீங்குகிறது, தலை சுற்றுகிறது. பெயர் படிக்கத் தெரியாதவர்கள் நிறத்தைத்தான் படிக்கிறார்கள். ஆகவே நிறம் மாறும் மாதத்தில் பழைய மாத்திரையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, "இது போய் இது வந்திருக்கு, இரண்டும் ஒண்ணுதான், ஒண்ணு மட்டும்தான் போடணும்" என்று சொல்லியே அனுப்ப வேண்டும். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் சரி.

அடுத்தது தமிழ்நாட்டுக்குப் போய்வந்த பை. கோயிலைச் சுற்றிவிட்டு வரும்போது அங்கே ஒரு டாக்டரைப் பார்த்து மூன்று மாதத்துக்கு மாத்திரை வாங்கி வருவது நம்மவர்கள் வழக்கம். கிளைகோமெட் ஜிபி என்றிருக்கும். அதற்குள் மெட்ஃபார்மின் இருக்கிறது, கூடவே கிளிமெபிரைடு. இங்கே கிளினிக்கில் கொடுத்ததோ மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும். நான்கும் ஒரே வயிற்றுக்குள் போனால் மெட்ஃபார்மின் இரட்டிப்பாகும். கிளிமெபிரைடும் கிளிக்லசைடும் சேர்ந்து சர்க்கரையைத் தரைமட்டத்துக்கு இறக்கும். பெட்டியின் முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். படிக்க முடியாதவருக்கு நீங்கள் படியுங்கள்.

ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு, இங்கே அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு சீட்டு, லீமா கெடாய் பக்கம் தனியார் கிளினிக்கில் ஒரு சீட்டு என்று மூன்று வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்களுடைய மருந்து முழுவதும் ஒரே இடத்தில் சேர்வது அந்தப் பையில் மட்டுமே.

4. லேபல் மலாயில் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

உங்களுக்கு அது உறுத்தாது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சில வருடம் படித்துவிட்டுப் பால்வெட்டப் போன அம்மாவுக்குத் தமிழ் எழுத்து வரும், "செலெபாஸ் மாக்கான்" (சாப்பாட்டுக்குப் பின்) வராது. தடித்த பேனாவால் பெட்டிமேல் தமிழில் எழுதிக்கொடுங்கள். எழுத்தே தெரியாதவருக்குச் சூரியன், நிலா, ஒரு தட்டு வரையுங்கள். தஞ்சோங் கூப்பாங், பெண்டாஸ் பக்கத்திலிருந்து வரும் ஓராங் செலேத்தார் பழங்குடிப் பெரியவர்களுக்கும் இந்தப் படம் உதவும்.

வாரம் ஒரு முறை மட்டும் போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டில் இது உயிர்ப் பிரச்சினை. மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கொடுப்பது. "செகாலி செமிங்கு" என்பதை "செகாலி செஹாரி" என்று படித்துத் தினமும் போட்டால் வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, கிருமி தொற்றி ஆள் போய்விடலாம். உலகம் முழுக்க இந்தத் தவறு நடந்திருக்கிறது, படித்தவர்கள் வீட்டிலும். "வாரம் ஒரு முறை" என்று சொல்லாதீர்கள். "வெள்ளிக்கிழமை" என்று சொல்லுங்கள். கிழமையை அவரே தேர்ந்தெடுக்கட்டும். பெட்டியில் அந்தக் கிழமையை எழுதுங்கள்.

5. கிட்னி பயத்தை எதிர்கொள்ளக் கற்றுக்கொள்ளுங்கள்.

நம் ஆட்களிடம் நீங்கள் அதிகம் கேட்கப்போகும் வாக்கியம் இதுதான்: "இந்த மாத்திரையப் போட்டுக்கிட்டே இருந்தா கிட்னி போயிரும்னு சொல்றாங்களே." கல்யாண வீட்டில், கோயில் அன்னதானத்தில், வாட்ஸ்அப்பில், எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். அதைக் கேட்டு மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டு, கிளினிக்குக்கு வரும் முந்தின இரண்டு நாள் மட்டும் பயபக்தியோடு போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை அந்த இரண்டு நாள் பக்தியில் ஏமாறாது.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் இந்த நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. டயாலிசிஸுக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிக்கு மேல் இனிப்பு நீரால் கிட்னி கெட்டவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பது என்ன? மாமா பல வருடம் மாத்திரை போட்டார், மாமாவுக்கு கிட்னி போயிற்று. கண்ணால் பார்த்ததிலிருந்து அவர் எடுத்த முடிவு அது. ஆகவே சிரிக்காதீர்கள், "முட்டாள்தனம்" என்று முகத்தில் காட்டாதீர்கள்.

சொல்ல வேண்டியது இது. கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும். மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. ஆனால் உடம்பைவிட்டுக் கிட்னி வழியாக வெளியேறுகிறது. கிட்னி வேலை குறையக் குறைய அதன் அளவைக் குறைப்போம், ரொம்பக் குறைந்தால் நிறுத்துவோம். டாக்டர் நிறுத்தியதைப் பார்த்துத்தான் "மருந்துதான் கெடுத்தது" என்ற கதை பிறக்கிறது. இதை இந்த வரிசையில் சொன்னால் பலருக்கு விளங்குகிறது.

உண்மையில் கிட்னிக்கு ஆபத்தானதை அவர்கள் பயமில்லாமல் முழுங்குகிறார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள்: மூட்டுவலிக்கு நாள்தோறும் போடும் டைக்ளோஃபெனாக், போன்ஸ்டன். பெரிண்டோபிரில் போன்ற கொதிப்பு மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர் இவற்றையும் சேர்த்தால் கிட்னிமேல் மூன்று பக்கத்திலிருந்து அடி விழுகிறது. மெட்ஃபார்மினைக் கண்டு பயப்படுகிறவர் பையில் போன்ஸ்டன் அட்டை இருக்கிறதா என்று எப்போதும் பார்ப்பேன். பெரும்பாலும் இருக்கும்.

6. விரதத்தைப் பற்றி நீங்களே முதலில் பேச்செடுங்கள்.

ரமலானுக்கு முன்பு முஸ்லிம் நோயாளிகளைக் கூப்பிட்டு மருந்து நேரத்தை மாற்றிக்கொடுக்கும் நல்ல பழக்கம் நம் நாட்டில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. காவடிக்கு நேர்ந்துகொண்டு ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறவர், கந்த சஷ்டிக்குப் பட்டினி கிடக்கிறவர், புரட்டாசிச் சனிக்கிழமை மதியம்வரை வெறும் தண்ணீரோடு நிறுத்துகிறவர், இவர்களில் பலர் கிளிக்லசைடோ இன்சுலினோ எடுக்கிறவர்கள். உணவில்லாத வயிற்றில் அவை சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் அதை அருள் என்று நினைத்துச் சுற்றியிருப்பவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கும் ஆபத்தும் உண்டு.

"விரதம் இருக்காதீங்க" என்றால் உங்களிடம் சொல்லாமல் இருப்பார்கள். "எத்தனை நாள், என்ன சாப்பிடுவீங்க, எத்தனை மணிக்கு?" என்று கேட்டு, தைக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் அனுப்பி அளவை மாற்றி வாங்கிக்கொடுங்கள். விரல் குத்திப் பார்த்து லிட்டருக்கு 3.9 மில்லிமோலுக்குக் கீழே வந்தால் அந்த நிமிடமே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து விரதத்தை முடித்துவிட வேண்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று அதிகாரத்தோடு சொல்ல உங்களுக்குத் தகுதி இல்லாவிட்டாலும் சொல்லுங்கள். நான் சொல்லியிருக்கிறேன்.

7. இன்சுலினைச் சொல்லிக்கொடுக்காதீர்கள், போட்டுக்காட்டச் சொல்லுங்கள்.

பல வருடமாகப் போடுகிறவர்களிடமும்தான், அவர்களிடம்தான் முக்கியமாக. வயிற்றில் ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கொழுப்புக் கட்டி விழுந்திருக்கும். அங்கே வலிக்காது என்பதால் அங்கேயே குத்துவார்கள். அதில் மருந்து ஒழுங்காக இறங்காது. சட்டையை விலக்கித் தொட்டுப் பாருங்கள். கலங்கலான இன்சுலினை உள்ளங்கையில் உருட்டிக் கலக்கினாரா, குத்தியபின் பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்காமல் இருந்தாரா என்று கவனியுங்கள்.

திறக்காத இன்சுலின் ஃபிரிட்ஜில், 2 முதல் 8 டிகிரிக்குள். ஐஸ் பெட்டியை ஒட்டி வைத்தால் உறைந்துபோகும். உறைந்ததைத் தூக்கி எறிய வேண்டியதுதான். பயன்பாட்டில் இருக்கும் பேனா 30 டிகிரிக்குக் கீழே வெளியே இருக்கலாம், பெரும்பாலானவை நான்கு வாரம். இங்கே ஒரு சிக்கல். நம் பையன்கள் அதை மோட்டார் சீட்டுக்கு அடியில் வைக்கிறார்கள். நாளெல்லாம் துவாஸ் வெயிலில் நிற்கும் வண்டியின் சீட்டுக்கு அடியில் என்ன சூடு இருக்கும்! "ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவில்லை" என்று வந்தால் அளவைக் கூட்டுவதற்கு முன் பேனா எங்கே தூங்குகிறது என்று கேளுங்கள்.

8. பாசார் மாலாம் (இரவுச் சந்தை) மருந்தைத் திட்டாதீர்கள், பெட்டியைக் கேளுங்கள்.

பதிவு செய்த மருந்துக்கு எம்.ஏ.எல். என்று தொடங்கி எட்டு இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். பாரம்பரிய மருந்துக்கு அந்த எழுத்து டி, சத்து மாத்திரைக்கு என். ஹோலோகிராம் ஒட்டியும் இருக்க வேண்டும். இதைக் காட்டிக்கொடுக்க அரை நிமிடம் போதும்.

"ரெண்டே நாள்ல முட்டி வலி பறந்துபோச்சு" என்று யாராவது ஒரு காப்ஸ்யூலைப் புகழ்ந்தால் எச்சரிக்கையாகுங்கள். மூட்டுவலிக்கென்று விற்கும் பதிவில்லாத பொருள்களில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது இந்த நாட்டில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. அதைச் சாப்பிட்டவருக்கு முகம் உருண்டு, தோல் மெலிந்து, சர்க்கரையும் கொதிப்பும் காரணமில்லாமல் ஏறியிருக்கும். அப்போதும் "இன்றே தூக்கி எறியுங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். மாதக்கணக்காக ஸ்டீராய்டு போன உடம்பில் சொந்தச் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழுவார். பெட்டியோடு அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.

ஆண்களுக்கான "சக்தி" காப்பித் தூள்களில் சில்டெனாஃபில், தடாலாஃபில் இனத்தைச் சேர்ந்த மருந்துகள் கலந்திருப்பதும் பிடிபட்டிருக்கிறது. நாக்குக்கடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரையோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போகும். இதைக் கவுண்டரில் மனைவி பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் எந்த ஆணும் உண்மை சொல்ல மாட்டான். அறைக்குள் தனியாகக் கூப்பிடுங்கள். தங்கச்சி, உங்களால் கேட்க முடியாவிட்டால் ஆண் சகாவை விட்டுக் கேளுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

9. நாட்டு மருந்தும் மருந்துதான்.

பாகற்காய்ச் சாறு, சிறுகுறிஞ்சான் பொடி, மலாய் நண்பர் கொடுத்த ஹெம்பெடு பூமி. கடைசியில் சொன்னது நம்ம நிலவேம்புதான். சர்க்கரையைக் குறைக்கும் என்று நம்பித்தானே குடிக்கிறார்கள்? அப்படியானால் மாத்திரையோடு சேரும்போது கூடுதலாகக் குறையலாம் என்பதும் அவர்களுக்கே விளங்கும். வார்ஃபரின் சாப்பிடுகிறவரிடம் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: புதிதாக எந்த வேர், எந்த லேகியம் தொடங்கினாலும் முதலில் நமக்குச் சொல்ல வேண்டும். கீரையை நிறுத்தச் சொல்லாதீர்கள், ஒரே அளவில் சாப்பிடச் சொல்லுங்கள்.

10. பேரப்பிள்ளை வளர்க்கும் வீட்டில் இரண்டு ஆபத்து.

மகனும் மருமகளும் அக்கரையில் வேலை, பிள்ளை பாட்டியிடம். காய்ச்சல் என்றால் பாட்டிதான் மருந்து ஊற்றுகிறார். பாராசிட்டமோல் சிரப் 5 மில்லிக்கு 120 மில்லிகிராமிலும் வருகிறது, 250இலும் வருகிறது. போன தடவை ஊற்றிய அளவையே ஊற்றினால் இரட்டிப்பாகிவிடும். சாப்பாட்டுக் கரண்டியை மறக்கச் சொல்லி, ஊசியில்லாத சிரிஞ்சில் கோடு போட்டுக் கொடுங்கள்.

இரண்டாவது, தாத்தாவின் மாத்திரை. வண்ண வண்ணமாக மேசைமேல் கிடப்பவற்றில் கிளிக்லசைடு ஒன்றே ஒன்று போதும், சின்னப் பிள்ளையைக் கோமாவுக்கு அனுப்ப. உயரமான இடத்தில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். முழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. பெட்டியோடு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994இலிருந்து இயங்கும் தேசிய விஷ மையத்தின் எண் 1-800-88-8099. சிறு தாளில் அச்சடித்துப் பேரப்பிள்ளை இருக்கும் ஒவ்வொரு பையிலும் போடுங்கள்.

11. அலோபியூரினோலும் கார்பமாசெபைனும் முதல்முறை வாங்குகிறவரை ஒரு வார்த்தை சொல்லாமல் விடாதீர்கள்.

முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் தோலில் தடிப்போ, வாயில் புண்ணோ, கண் சிவப்போ வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே வர வேண்டும். தோல் உரிந்துபோகும் ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோயை ஒருமுறை பார்த்தவர்கள் இதைச் சொல்ல மறக்க மாட்டார்கள். வந்து தப்பியவருக்கு ஒவ்வாமை அட்டை எழுதிக் கொடுத்து, அடையாள அட்டைக்குப் பின்னாலேயே வைக்கச் சொல்லுங்கள்.

12. எல்லாவற்றையும் சொல்லாதீர்கள்.

இவ்வளவு எழுதிவிட்டு இப்படிச் சொல்வது வேடிக்கைதான். ஒரு வெள்ளி கட்டிவிட்டுக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறவருக்கு ஏழு மருந்து இருக்கும். ஏழின் பக்கவிளைவுகளையும் ஒப்பித்தால் கதவைத் தாண்டுமுன் ஏழும் மறந்துபோகும், பயம் மட்டும் மிஞ்சும். இன்றைக்கு எது புதிது, எதில் தவறினால் ஆபத்து என்று இரண்டை மட்டும் எடுங்கள். மற்றவை அடுத்த மாதம். 2017இல் உலக சுகாதார நிறுவனம் மருந்தால் வரும் தீங்கைக் குறைக்க ஓர் உலகளாவிய இயக்கம் தொடங்கியது. நம் அமைச்சு 2007இலேயே "கெனாலி ஊபாட் அண்டா" (உங்கள் மருந்தை அறிந்துகொள்ளுங்கள்) என்று ஊர் ஊராகப் போனது. சுவரொட்டி, கண்காட்சி எல்லாம் நல்லவைதான். ஆனால் நோயாளி கேட்பது, தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் தன் முகத்தைப் பார்த்துச் சொன்ன இரண்டு வார்த்தையை.

13. மருந்துப் பெட்டியை அடுக்குவது யார் என்று கேளுங்கள். மருமகளா, இந்தோனேசியப் பணிப்பெண்ணா, பள்ளிக்கூடம் போகும் பேத்தியா? அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

14. பாலம் தாண்டுகிறவர்களுக்கு.

சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத மருந்துவரை சிங்கப்பூருக்குள் கொண்டுபோகலாம். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு அங்கே முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அந்தச் சீட்டு கையில் வந்தவுடனேயே சொல்லிவிடுங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிய்த்துச் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப்போகும் பழக்கம் பலருக்கு உண்டு. சோதனைச் சாவடியில் அது என்ன மாத்திரை என்று நிரூபிக்க அவரிடம் ஒன்றும் இருக்காது. லேபலோடு இருக்கும் உறையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், சீட்டின் நகல் ஒன்றைக் கைப்பேசியில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். படம் எடுக்கத் தெரியாதவருக்கு, கைப்பேசியை வாங்கி நீங்களே எடுத்துக் கொடுங்கள்.